காத்து குறையாத டயர்

மாமா: மறுபடியும் டயரா? டேய், உனக்கு டயர் மேல சந்தேகமா, என் மேல சந்தேகமா?

மச்சினன்: டயர் மேலதான் மாமா. ஓரங்கட்டுங்க.

மாமா: இப்பதானடா டீசல் போட்ட எடத்துல தட்டிப் பாத்த! கும்முனு இருக்குன்னு நீயே சொன்ன.

மச்சினன்: அது அப்ப. இப்ப சத்தம் வேற மாதிரி வருது.

மாமா: காலையில இருந்து இதே பாட்டு. குடோன் வாசல்ல வண்டி வரிசை கட்டி நிக்கும். கடைசியா போய் நின்னா, சரக்கு நாளைக்குத்தான் இறங்கும். அப்புறம் உங்க அக்காவுக்கு நீயே பதில் சொல்லு.

மச்சினன்: சொல்லிக்கிறேன். இறங்குங்க. நான் ராடால தட்டுறேன், நீங்க காது குடுத்துக் கேளுங்க. உங்க காது எனக்கு வராது.

மாமா: ஐஸ் வைக்காத. நீயும் ஆறு வருஷமா லாரி ஓட்டுறவன்தான... சரி, வர்றேன்... இரு...

மச்சினன்: என்ன மாமா, கம்பியப் பிடிச்சு, திரும்பி நின்னு, மெதுவா இறங்குறீங்க? முன்னெல்லாம் தொப்புனு குதிப்பீங்க.

மாமா: குதிச்சா இடுப்பு போயிடும்னு நீதானடா சொன்ன.

மச்சினன்: நான் எத்தனையோ சொன்னேன். பர்ஸ பின் பாக்கெட்ல வச்சுக்கிட்டு உக்காராதீங்க, இடுப்பு கோணிக்கும்னு சொன்னேன். துண்டச் சுருட்டி முதுகுக்குக் குடுங்கன்னு சொன்னேன். சீட்ட கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க, எட்டி எட்டி மிதிக்காதீங்கன்னு சொன்னேன். எதக் கேட்டீங்க?

மாமா: துண்டு முகம் தொடைக்கிறதுக்குடா.

மச்சினன்: நம்ம கம்பெனி லாரி ஓட்டுன மீசைக்கார அண்ணனும் இப்படித்தான் பேசுனாரு. இப்ப கம்பெனி கேட்ல உக்காந்து வர்ற வண்டிக்கு சல்யூட் அடிக்கிறாரு. இனிமே ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாதாம்.

மாமா: வாயக் கழுவு. அவனுக்கு டிஸ்க் நழுவிடுச்சு. எனக்கு சும்மா பிடிப்பு.

மச்சினன்: மூணு மாசமாவா?

மாமா: தட்டுடா மொதல்ல.

மச்சினன்: இந்தா... கேட்டுச்சா?

மாமா: கல்லு மாதிரி இருக்கு. அடுத்தது.

மச்சினன்: அப்படியே வண்டிய ஒரு சுத்து வாங்க. மெதுவா. கைய மேல தூக்கி ஒரு தடவ நெளிச்சுக்கங்க...

மாமா: டயர் பாக்க எதுக்குடா கையத் தூக்கணும்?

மச்சினன்: சும்மா... நெளிச்சா நல்லதாம்.

மாமா: நல்லதாமா? உங்க அக்கா வேலையா?

மச்சினன்: ...ஆமா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ இறக்கி நடக்க வைக்கணும்னு இடுப்பு வலிக்குப் பாக்குற பிசியோ சொன்னாராம். நேரா சொன்னா எகிறுவீங்கன்னு என் தலையில கட்டிட்டா.

மாமா: அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைய நல்லா ஓட்டுறீங்க.

மச்சினன்: ஓட்டுறது நீங்கதான் மாமா, அதான் பிரச்சனையே. வரப்போற மலை இறக்கத்தையாவது என்கிட்ட விடுங்களேன்.

மாமா: இறக்கம் நான்தான். பேச்சே கிடையாது. ஏறு.

மச்சினன்: மாமா...

மாமா: இன்னும் என்ன?

மச்சினன்: இந்த வெயிலுக்கு ஜல்லி கொதிக்குது. கால் சுடலையா?

மாமா: செருப்பு போட்டவனுக்கு என்னடா சூடு?

மச்சினன்: குனிஞ்சு பாருங்க. இடது கால் வெறுங்கால்.

மாமா: செருப்பு எங்க போச்சு?

மச்சினன்: என்கிட்டதான் இருக்கு. டீசல் போட்டுட்டு ஏறும்போது படியில கழண்டு விழுந்துச்சு. எடுத்து வச்சேன். இப்ப தேடுவீங்க, இப்ப தேடுவீங்கன்னு பாத்தேன். நீங்க பாட்டுக்கு கிளட்ச மிதிச்சுட்டு வர்றீங்க. செருப்பு போனதே தெரியாத காலால மலை இறங்க முடியுமா? அதான் இறக்கத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொன்னேன்.

மாமா: ...ஒரு வாரமா அந்தக் கால் மரக்கட்டை மாதிரிதான் இருக்கு.

மச்சினன்: ஒரு வாரமா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மாமா: சொன்னா? நானும் கேட்ல நின்னு சல்யூட் அடிக்கவா?

மச்சினன்: அதெல்லாம் டாக்டர் பாத்துட்டு சொல்லட்டும். அடிவாரத்துல ஆஸ்பத்திரி இருக்கு, மொதல்ல அங்கதான் போறோம். சரக்கு ஒரு நாள் தள்ளி இறங்குனா ஒண்ணும் ஆகாது. சாவியக் குடுங்க.

மாமா: இந்தா... டயர்ல ஒண்ணுமில்லன்னு எனக்கு மொதல் தடவையே தெரியும்டா. திட்டிக்கிட்டேதான் இறங்குனேன்... ஆனா நீ எப்ப நிறுத்தச் சொல்லுவன்னு ஒவ்வொரு தடவையும் காத்துக்கிட்டே இருந்தேன்.

*

உங்க வண்டியில, இல்ல உங்க வீட்டுல, வலிய மறைச்சுக்கிட்டு ஓட்டுறவங்கள என்ன சாக்கு சொல்லிக் கீழ இறக்குறீங்க? மறைக்காம பதில் எழுதுங்க.