எட்டு ஜன்னல் கொட்டகை

எனக்கு ஜன்னல் என்றால் பிடிக்கும், ஐயா. அதை முதலில் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஜன்னலுக்கு விரோதி என்று மண்டி மொஹல்லா முழுக்கப் பேசிக்கொள்கிறார்களாம். இந்த மைசூரில் வேறு எந்த ஊதுவத்திக் கொட்டகையிலும் அத்தனை ஜன்னல் கிடையாது. உள்பக்கம் எட்டு, வெளிப்பக்கம் எட்டு. சர்க்கார் கேட்டது வெறும் எட்டுதான்.

பேர் ஜடையன். சொந்த ஊர் கோபிநத்தம், காவேரி ஓரக் காடு. எங்கள் குடும்பம் மூங்கில் வெட்டிப் பிழைத்தது. பத்து வயதில் என் தலையில் ஏறிய மூங்கில் கட்டு இருபத்தைந்து வயதில்தான் இறங்கியது. அப்பன் பங்குனி வெயிலில் பாறை மேல் கட்டோடு விழுந்தார். நாங்கள் போய்த் தூக்கும்போது பாறை சுட்டது, அவர் சுடவில்லை. எனக்குத் தெரிந்து வேலை செய்து செத்தவர்கள் எல்லாரும் வெயிலில்தான் செத்தார்கள். நிழலில் உட்கார்ந்து செத்தவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. அதனால் மைசூருக்கு வந்து, முதலாளி சாவ்காரின் கொட்டகையில் மேஸ்திரி ஆனதும், முதல் வேலையாக என் தங்கச்சி சித்தம்மாவை அழைத்துக்கொண்டேன்.

"வெயிலே படாத வேலை, கண்ணு," என்றேன்.

"படுத்துக்கிட்டே செய்யலாமாண்ணா?" என்று கேட்டாள். அப்படி ஒரு வாய் அவளுக்கு.

வேலை இதுதான். கரித்தூள், பிசின் பட்டைத்தூள், சந்தனத்தூள் மூன்றையும் தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும். பலகையில் வைத்து, மூங்கில் குச்சியில் உள்ளங்கையால் உருட்ட வேண்டும். இருபத்திரண்டு பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து உருட்டுவார்கள். தூள் சலிக்கும்போது ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அவர்கள் துப்பினால் எச்சில் கறுப்பாக இருக்கும், ஆனால் மணக்கும். கல் உடைக்கிறவள் எச்சில் மணக்குமா? இதை நான் பலமுறை அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

ஊதுவத்திக்குக் காற்று ஆகாது. சந்தனத்தூள் பறந்துவிடும், ஈரவத்தி வெடித்துவிடும், வாசம் தெருவோடு போய்விடும். ஆகவே கொட்டகைக்கு ஒரு கதவு மட்டும்தான். அதிலும் காற்று புகாமல் சாக்குத் தொங்கவிட்டிருந்தேன்.

பிளேக் வந்துபோன பிறகு சர்க்காருக்கு ஜன்னல்மேல் அபாரப் பிரியம், உங்களுக்கே தெரியும். போன வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு. வாசலில் நின்றபடியே நான்கு தடவை தும்மினார். ஜன்னல் எட்டு வைக்க வேண்டும், தசரா முடிவதற்குள், என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாவ்கார் அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். ஜன்னலும் இருக்க வேண்டும், காற்றும் வரக்கூடாது என்றார். பிறகு சாப்பிடப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எப்படி என்று அவர் சொல்லவில்லை. அது என் யோசனை.

ஆயுத பூஜைக்குப் பெண்கள் நாலு நாள் ஊருக்குப் போயிருந்தார்கள். கொத்தன் கெம்பையனை வரவழைத்தேன். சுவரை இடிக்காமல், உள்ளே எட்டு ஜன்னல், அதற்கு நேராக வெளியே எட்டு ஜன்னல், சட்டம், கதவு, கொண்டி எல்லாம் வைத்துப் பதிக்கச் சொன்னேன். நடுவில் ஒன்றரை அடிச் செங்கல் சுவர் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "நாப்பது வருசமா ஓட்டையில ஜன்னல் வெக்கறனுங்க. சுவத்துல ஜன்னல் வெக்கறது இதான் மொதத் தடவை. காத்து எந்த வழியா வருமுங்க?"

"உத்தரவுல காத்துன்னு ஒரு வார்த்தை இல்லப்பா. ஜன்னல்னுதான் இருக்கு."

உண்மைதான், ஐயா. அந்தக் காகிதத்தை நீங்களே பாருங்கள். பச்சை வர்ணம் அடித்து, ஜன்னலுக்கு இரண்டு ஆணி வீதம் அறைந்து முடித்தேன். கொட்டகை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து உள்ளே எண்ணினார், எட்டு. வெளியே போய் எண்ணினார், எட்டு. "ஏன்ரீ மேஸ்திரி, எல்லாம் ஏன் மூடியே கிடக்கு?" என்று கேட்டார். "திறந்தா கரி பறக்கும் ஸ்வாமி, தங்கள் கோட்டு பாழாயிடும்," என்றேன். கோட்டைக் குனிந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பெண்கள் திரும்பி வந்து பார்த்து அடைந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேவம்மா என்று ஒருத்தி, கொள்ளேகாலத்துக்காரி, வாயாடி, ஜன்னல் சட்டத்துக்குக் குங்குமமே வைத்தாள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்கள். மழை நிற்கட்டும் என்றேன். ஐப்பசியில் மழை, மார்கழியில் பனி, மாசியில் தூசி, சித்திரையில் அனல். ஜன்னல் திறக்க ஏற்ற மாதம் ஒன்றுகூட வருஷத்தில் இல்லை, ஐயா. தேடிப் பார்த்துவிட்டேன்.

தை மாதம் சித்தம்மாவுக்கு இருமல் கண்டது. அலட்சியமாக விட்டேன் என்று எழுதாதீர்கள். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஜேன் என்று ஒரு நர்சம்மா, நம் தமிழ்க்காரர், மார்பில் காது வைத்துக் கேட்டார். "கொட்டகையில ஜன்னல் உண்டா?" என்றார்.

"எட்டு இருக்குதுங்கம்மா," என்றாள் சித்தம்மா. அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை.

"அப்ப ஜன்னலோரமா உக்காரு. நல்ல காத்து பட்டா சரியாயிடும்."

மறுநாளே மூன்றாவது ஜன்னலடியில் இடம் கொடுத்தேன். கூடப்பிறந்தவனாய் இருந்து இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? சாயந்திரம் அவளே வந்து சொன்னாள்: "ஜன்னல் இடுக்குல காத்து வருதுண்ணா. ஜில்லுனு இருக்குது."

வந்தது வம்பு. தேவம்மா பலகையைத் தட்டினாள். "ஏனுங்க மேஸ்திரி, தங்கச்சிக்கு ஒரு நாயம், எங்களுக்கு ஒரு நாயமுங்களா? அவளுக்குக் காத்து, எங்களுக்குக் கரியா?"

நியாயமான கேள்வி. ஜன்னலடி இடத்துக்கு முறை வைத்தேன். இருமுகிறவர்களுக்கு முன்னுரிமை. உடனே கொட்டகை முழுக்க இருமல். பொய் இருமல் எது, நிஜ இருமல் எது என்று பிரிக்க நான் கண்ணை மூடிக் காது கொடுத்து உட்காருவேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பங்குனிக்குள் அந்த வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. எல்லாம் நிஜ இருமல்தான்.

ஆனால் ஜன்னலடியில் உட்கார்ந்தவர்கள் ஒருத்தர் விடாமல் தேவலை என்றார்கள். தேவம்மாவுக்குக் கபினி ஆற்றுக் காற்றே வந்ததாம், மீன் வாசத்தோடு. நான் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? அவர்கள் சௌக்கியத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இனி நீங்கள் கேட்ட நாள்.

ஆடி மாதம் ஒரு வாரமாக மழை. வத்தி காயவில்லை. காயாத வத்தியைக் கொட்டகைக்குள் பரப்பி நாலு கணப்புச் சட்டியில் கரி மூட்டிக் காய வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஈரக்காற்று புகாமல் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினேன். மழையால் அன்றைக்கு ஏழு பெண்கள்தான் வந்திருந்தார்கள். பத்து மணிக்குச் சித்தம்மா கதவைச் சற்றே திறந்து எட்டிப்பார்த்து, "தல கிண்ணுனு இருக்குதுண்ணா. அந்த மூணாவது ஜன்னலைச் சித்த திறந்துவுடேன்," என்றாள்.

"நாளைக்கு," என்றேன்.

"உன்ற நாளைக்கு எந்த வருசத்துல வருது?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். கதவை மறுபடி சாத்தினேன்.

நான் முன்னறையில் வத்திக் கட்டுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டு நின்றது. பேச்சு நின்றது. இருமலும் நின்றது. ஒரு வருஷத்தில் அவ்வளவு அமைதியான முற்பகல் எனக்கு வாய்க்கவில்லை. வேலையில் கவனமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவைத் திறந்தேன். ஆறு பேர் பலகை மேலேயே சாய்ந்து தூங்கினார்கள். சித்தம்மா மட்டும் மூன்றாவது ஜன்னலடியில் இருந்தாள். கணப்பு கிளறும் கம்பியால் இரண்டு ஆணியையும் நெம்பி எடுத்திருந்தாள். ஜன்னல் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. செங்கல் மேல் அவள் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன. மேலிருந்து கீழே, நிறைய. முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு கிடந்தாள்.

யாராவது வந்துவிடுவார்களே என்று எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினேன். அவளைச் சற்று நகர்த்திவிட்டு ஜன்னலை மூடினேன். கீழே கிடந்த ஆணிகளைத் தேடி எடுத்தேன். ஒன்று வளைந்திருந்தது, அதைத் தட்டி நேராக்கினேன். இரண்டையும் பழைய ஓட்டையிலேயே அறைந்தேன். அதன் பிறகு கதவைத் திறந்து, ஐயோ ஓடிவாங்க என்று கூவினேன். ஓடிவந்தவர்கள் தூக்கி மழையில் கிடத்தியதும் மற்ற ஆறு பேரும் விழித்துக்கொண்டார்கள், சித்தம்மா விழிக்கவில்லை. அவர்களில் தேவம்மா முன்பே கண் திறந்து கிடந்திருக்கிறாள், கையை அசைக்க முடியாமல். அவள் சொல்லித்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நான் உள்ளே போனபோது சித்தம்மாவுக்கு மூச்சு இருந்தது என்கிறார்கள். இருந்தது. என் கைமேல் பட்டது. இரண்டு ஆணி அடிக்கும் நேரம்தானே என்று நினைத்தேன். ஜன்னல் திறந்து கிடந்தால் மற்ற பெண்கள் பார்ப்பார்கள். பார்த்தால் அப்புறம் எந்த நம்பிக்கையில் அங்கே உட்கார்ந்து வேலை செய்வார்கள்? இருபத்திரண்டு பேருக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

உங்கள் ஆட்கள் ஜன்னலைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு, வெறும் செங்கல் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நின்றபடியே பார்த்தார்கள், ஐயா. நான் பல நாள், பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு, மூன்றாவது ஜன்னலடியில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும். காற்று வரும்.