மேஸ்திரி அசோகன் வெட்டாமல் விட்ட பக்கம்

அசோகனின் இந்த நினைவஞ்சலிக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் சுப்புராயன் அவர்களே, மாநகராட்சி உதவிப் பொறியாளர் சங்கமித்ரா அம்மையார் அவர்களே, அசோகனின் துணைவியார் யசோதரா அவர்களே, வேலை உடுப்போடு நேராக வந்திருக்கும் மரக்குழுத் தோழர்களே, திருவொற்றியூரின் இந்தத் தெரு மக்களே! அனைவருக்கும் கலீலுல்லாவின் வணக்கம். மேடை என்று நான் சொல்வது நம் மரக்குழு லாரியின் பின்பக்கத்தைத்தான். பலகையை இறக்கிவிட்டு மேலே மூன்று நாற்காலி போட்டிருக்கிறோம். ஆடினால் பயப்படாதீர்கள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் போகும்போதெல்லாம் இது ஆடும்.

பேசும்போது நான் அடிக்கடி தலையைத் தூக்கி மேலே பார்ப்பேன். தவறாக நினைக்க வேண்டாம். காரணத்தை இறங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

யார் இந்த அசோகன்? வியாசர்பாடியில் பிறந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் வடசென்னையின் மரங்களில் ஏறி இறங்கிய மேஸ்திரி அசோகன்! ராயபுரத்தில் அவர் கை படாத வேப்பமரம் உண்டா? தண்டையார்பேட்டையில் அவர் கிளை கழிக்காத தூங்குமூஞ்சி மரம் உண்டா? அவர் மேலே, நான் கீழே. அவர் கையில் ரம்பம், என் கையில் கயிறு. இந்தச் சாலையில் லாரிக்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார்கள், மரத்தில் இருப்பவர் கத்தினாலும் கீழே கேட்காது. அதனால் நாங்கள் கயிற்றிலேயே பேசிக்கொள்வோம். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு இழுப்பு என்றால் கிளை வருகிறது, மெதுவாக இறக்கு. மூன்று இழுப்பு என்றால் டீ சொல்லு. அந்த மூன்றாவதை அசோகனே சேர்த்துக்கொண்டார்.

மேடைத் தமிழ் எனக்கு இவ்வளவுதான் வரும். மூச்சு முட்டுது. அவர் இவர்னும் என்னால இனிமே சொல்ல முடியாது. அவன் என் தோஸ்து.

அவன் வேலை செய்யுறதைப் பாத்திருக்கீங்களா? எவ்ளோ பெரிய கிளையா இருந்தாலும் முதல்ல அடியில ஒரு வெட்டு போடுவான். அப்புறம்தான் மேல ரம்பம் வைப்பான். அப்பதான் கிளை விழும்போது பட்டை கிழிஞ்சு தொங்காது, மரத்துக்குப் புண்ணு வராது. அவசரத்துல மேலேர்ந்து வெட்டுறவனைப் பாத்தா அவனுக்கு ஆவாது. ஒரு தடவை ஒரு கடைக்காரர், எங்க ஆளுதான், வண்ணாரப்பேட்டையில ஜவுளிக்கடை, வந்து நின்னுகினு மரம் கடை போர்டை மறைக்குது, மொத்தமா எடுத்துடுங்கன்னாரு. டிபன் எல்லாம் வாங்கி வெச்சிருந்தாரு. அசோகன் டிபனைத் தொடல. ஏணியை எடுத்துகினு போயி அவர் போர்டைக் கழட்டி ரெண்டு அடி கீழ இறக்கி மாட்டிட்டான். "மரம் வளர்ந்துகினு போவும் பாய், போர்டு வளராது"ன்னுட்டு வந்துட்டான். அந்த மரம் இன்னும் அங்கதான் கீது. அந்தக் கடைக்காரரும் இதோ மூணாவது வரிசையில உக்காந்துகினு இருக்காரு.

வர்தா புயல் அடிச்ச வருஷம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ராயபுரத்துல ஒரு சந்துல வாகை மரம் ஒண்ணு. கரண்டு கம்பியில கிளை இடிக்குதுன்னு வருஷா வருஷம் புகார் வரும். நாங்க போவோம், கம்பிப் பக்கம் கழிப்போம், கம்பி தெரிஞ்சதும் புகாரை முடிச்சுட்டு வந்துடுவோம். எங்க வேலையில அதுதான் வழக்கம். புகார் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும். மூணு வருஷம் அப்படியே பண்ணோம். புயல் அடிச்ச அன்னிக்கு அந்த மரம் கம்பி இல்லாத பக்கமா வேரோட சாஞ்சு ஒரு வூட்டை இடிச்சுடுச்சு. வூட்டுல ஆள் இல்ல, தப்பிச்சோம். தெருவே காத்தைத் திட்டிகினு இருந்துது. அசோகன் அந்த அடிமரத்து மேல போயி உக்காந்தான். அப்புறம் சொன்னான்: "காத்து சாய்க்கல மாமு. மூணு வருஷமா நாம்பதான் சாய்ச்சிகினு இருந்துக்கீறோம்."

அன்னியிலேர்ந்து ஒரு பக்கம் கழிச்சா மறுபக்கமும் கழிச்சுதான் இறங்குவான். ரெண்டு பக்கமும் முடியாம நோட்டுல கையெழுத்து போட மாட்டான். ஒரு மரத்துக்கு இவ்ளோ நேரமான்னு ஆபீஸ்ல கேப்பாங்க. சங்கமித்ரா மேடமே கேட்டிருக்காங்க. கோவிச்சுக்காதீங்க மேடம், கேட்டீங்க.

இப்ப நான் ஏன் மேல பாத்துகினே இருக்கேன்னு சொல்றேன். இன்னியோட பதினோரு நாள். அன்னிக்கு செவ்வாய்க்கிழமை. நாம இப்ப எந்த மரத்துக்குக் கீழ உக்காந்திருக்கோமோ, இதே தூங்குமூஞ்சி மரம்தான் அசோகனுக்குக் கடைசி மரம். காலையில சாலைப் பக்கம், கம்பி இருக்குற பக்கம், முழுசா கழிச்சான். பாருங்க, அந்தப் பக்கம் ஆகாசம் தெரியுது. இந்தப் பக்கம் பாருங்க. அத்தனை பாரமும் அப்படியே கீது. இதுக்கு நேர் கீழ யாரு வூடு? தகர ஷீட்டு போட்ட குப்பம்மா அக்கா வூடு. அக்கா, வாசல்லதான் நிக்கிறீங்க, பாத்துட்டேன்.

பன்னெண்டு மணி இருக்கும். கயிறு ஒரு இழுப்பு இழுத்துது. நிறுத்துனேன். அடுத்த இழுப்பு வரும்னு பாத்துகினே இருந்தேன். வரல. அவனே மெதுவா இறங்கி வந்தான். நெஞ்சைப் புடிச்சுகினு, "அந்தப் பக்கம் பாக்கி கீது மாமு"ன்னான். வலிக்குதுன்னுகூட சொல்லல. ஆட்டோவுல போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து போன். மரம் முடிஞ்சுதான்னு. கம்பி தெளிவா இருந்துது. நான் நோட்டுல 'வேலை முடிந்தது'ன்னு கையெழுத்து போட்டேன். ஆமா மேடம், அது என் கையெழுத்துதான். காலையில வந்து மறுபக்கம் முடிச்சுடலாம்னு நெனச்சேன். காலையில குழுவை மணலிக்கு அனுப்பிட்டாங்க. முடிஞ்சுபோன புகாருக்கு யாரு லாரி குடுப்பாங்க?

வியாழக்கிழமை தங்கச்சி யசோதரா போன் பண்ணுச்சு. "அண்ணே, இவரு கேட்டுகினே இருக்காரு, அந்தப் பக்கம் முடிச்சிட்டீங்களான்னு." நான் என்ன சொல்லியிருக்கணும்? முடிச்சாச்சுன்னு சொல்லும்மான்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டு நல்லா தூங்கினாருன்னு அப்புறம் சொல்லுச்சு. வெள்ளிக்கிழமை காலையில போயிட்டான். நிம்மதியா போனாருன்னு இங்க எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாம் சொன்னீங்க. அந்த நிம்மதி நான் சொன்ன பொய்யிலேர்ந்து வந்தது. யசோதரா, இதை உன்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கணும். பதினஞ்சாம் நம்பர் பஸ்ஸு ஏறி உன் வூட்டு முனை வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். முனையிலேர்ந்தே திரும்பிட்டேன். மன்னிச்சுடும்மா.

நாளான்னைக்கு கனமழை, பலத்த காத்துன்னு எல்லார் போன்லயும் வந்துருக்கு. காசிமேட்டுல படகையெல்லாம் இழுத்துக் கட்டிட்டாங்க. நாம என்ன பண்றோம்? ஒரு பக்கம் பாரம் ஏத்தி வெச்ச மரத்துல அவன் படத்தை மாட்டி, மாலை போட்டு, அதுக்குக் கீழயே நாற்காலி போட்டு உக்காந்து அவனைப் புகழ்ந்துகினு இருக்கோம். அவன் பாத்தா காறித் துப்புவான்.

மேடம், பொய்க் கையெழுத்துக்கு மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். வேலையே போனாலும் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா அந்தப் புகாரைத் திரும்பத் திறங்க. இப்பவே. இந்தப் பக்கம் கம்பி இல்ல, கரண்டு நிறுத்த வேணாம். வெளிச்சம் இன்னும் ரெண்டு மணி நேரம் கீது. லாரி கீது. அசோகனுக்கு அடுத்தபடியா ஏறுற ஃப்ரெடியும் உடுப்போடதான் வந்திருக்கான்.

மேடம் போனை எடுத்துட்டாங்க. பேசுறாங்க. தலையாட்டுறாங்க. ரொம்ப நன்றி மேடம்.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம்னு உறுதி எடுக்கணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. ரெண்டு நிமிஷம் மவுன அஞ்சலின்னும் போட்டிருக்கு. தோழர்களே, எழுந்து நிக்கிறதுதானே மரியாதை? எழுந்திருங்க. அப்படியே உக்காந்திருந்த நாற்காலியையும் எடுத்துகினு எதிர்ச் சாரிக்குப் போங்க. குழந்தைங்களைக் கையில புடிச்சுக்கோங்க. குப்பம்மா அக்கா, அடுப்பை அணைச்சுட்டு வெளிய வந்துடுங்க. யசோதரா, மரத்துல இருக்குற படத்தை நீயே கழட்டி மடியில வெச்சுகினு அந்தப் பக்கமா உக்காரும்மா. ஃப்ரெடி முதல்ல அடி வெட்டு போடுறானான்னு அசோகன் பாக்கட்டும்.

சுப்புராயன் அண்ணே, இந்த மைக்கைப் புடிங்க. எனக்குக் கயிறு வேணும்.