வளையத்தை இறுக்கியது நான்தான்

தோட்டா அச்சுக்குப் பூட்டு வளையம் தேர்ந்தெடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஷெரிஃப். மூன்று வகைதான் கிடைக்கும். உள்ளே ரப்பர் வைத்தது ஒன்று. கையால் திருகிவிட்டுப் போகலாம், ஆனால் எடுத்து மாட்டும்போதெல்லாம் கொஞ்சம் நகரும். பக்கவாட்டில் சின்னத் திருகாணி குத்தி நிற்பது இன்னொன்று. அது அச்சின் மரையைக் கடித்துப் பாழாக்கும். மூன்றாவது, ஒரு பக்கம் பிளந்த எஃகு வளையம். திருகாணியை இறுக்கினால் பிளவு ஒடுங்கி, அச்சைச் சுற்றிலும் சமமாகப் பிடித்துக்கொள்ளும். முப்பது வருடமாக நான் வாங்குவது அதைத்தான். ஒருமுறை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும்.

நீங்கள் தோட்டாவைக் கடையில் வாங்குகிறவர், அதனால் சொல்லிவிடுகிறேன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பிப்போயிருக்கும். அதைப் பிரஸ்ஸில் வைத்துப் பிடியை இழுத்தால் அச்சு அதைப் பழைய அளவுக்கு நெருக்கிக் கொடுக்கும். அப்புறம் வெடிமருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி தோட்டா. கூட்டை அச்சு எவ்வளவு நெருக்க வேண்டும் என்பதை வளையம்தான் முடிவு செய்கிறது. அளவு தாண்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. தோட்டா பார்க்க அழகாகவே இருக்கும். சுடச் சுடப் பித்தளை உள்ளுக்குள் இளைத்துக்கொண்டே போய், ஒரு நாள் பிளக்கும்.

என் தம்பி ஆர்லின் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் நான் போட்டவை. எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. என்னைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே, பையனை அத்தை வீட்டில் விடலாமே என்றார்கள். நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அது எனக்குத் தியாகமாகப் படவில்லை. கோதுமை விதைப்பு, மாடுகள், இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டை. மொன்டானாவின் கிழக்கு மூலையில் இரண்டு பேருக்கு அது நிறைந்த வாழ்க்கை. அவனுக்கு நாற்பத்தேழு வயதாகும்வரை நிறைந்துதான் இருந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மே மாதம் மார்லிஸை அழைத்து வந்தான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், கணவனை இழந்தவள், சத்தமாகச் சிரிப்பவள். நான் சுட்ட ருபார்ப் பை பலகாரத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஆர்லின் சொன்னான். "அக்கா, எல்க் சீசன் முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் ஓரிகன் போறோம். அவ தங்கச்சி அங்க இருக்கா. கடல் பக்கமே வீடு. நீயும் வந்து பாரு, இல்லாட்டி நண்டு பார்சல் அனுப்பறேன்."

"நல்ல விஷயம்தானே," என்றேன்.

"பாத்தியா, நான் சொல்லல? அக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு!" என்று அவள் அவன் தோளில் தட்டினாள்.

மறுநாள் காலை வேலை மேஜையில் உட்கார்ந்தேன். வளையத்தின் திருகாணியைத் தளர்த்தி, கொஞ்சம் திருப்பி, மறுபடி இறுக்கினேன். அவ்வளவுதான் செய்தது. என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒரு சின்னப் பயம் காட்ட நினைத்தேன். கையில் ஒரு சூடு, கன்னத்தில் ஒரு கீறல். ஒரு குளிர்காலம் அவன் வீட்டில் படுத்திருப்பான், நான் சூப் வைத்துக் கொடுப்பேன், அதற்குள் மனசு மாறும்.

ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை அது. கோடை முழுக்க அதே கூடுகளை ஆர்லின் பழகச் சுட்டான், சுட்டதைக் கொண்டுவந்து கொடுத்தான், நான் மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வளையம் என் முகத்துக்கு நேரே இருந்தது. திருப்பி வைக்க ஒரு நிமிடம் போதும். ஜூனில் வைக்கலாம் என்றிருந்தேன். ஜூலையில் அவர்கள் சாமான் கட்ட அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தார்கள்.

ஆகஸ்டில் மார்லிஸ் வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா. இனிமே இவருக்கு நான்தானே போட்டுக் குடுக்கணும்."

ஆர்லின் கதவில் சாய்ந்து நின்று சிரித்தான். "பாத்து, அவ பஸ் கியர் மாதிரி இழுப்பா. பிரஸ் மேஜையோட வந்துடும்."

"போய்யா, முப்பது புள்ளைங்களை வச்சு ஓட்டறவ நான். உன் ஒரு தோட்டாவை ஓட்டமாட்டேனா?"

நான் எழுந்து அவளுக்கு இடம் விட்டேன். அந்தப் பெட்டியில் இருந்த இருபதுக்கும் பிடியை இழுத்தது அவள்.

சீசன் தொடங்கிய காலையில் முகட்டின் மேல் அந்தப் பெட்டியிலிருந்துதான் அவன் எடுத்தான். கூடு பின்பக்கம் பிளந்து, நெருப்பும் பித்தளைத் துணுக்குகளும் முகத்தில் வந்தன. கூடப் போயிருந்த மார்லிஸ் அவனை முதுகில் சுமந்து டிரக் வரைக்கும் கொண்டுவந்து, அறுபது மைல் ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணுக்கு ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

கட்டுப் பிரித்த அன்று அவன் கேட்டான். "அக்கா, அது யார் போட்ட தோட்டா?"

"மார்லிஸ் போட்ட பெட்டி," என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அதன்பின் அவளைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவள் தினமும் பஸ்ஸை நிறுத்திவிட்டு எங்கள் கேட்டுக்கு வந்து நிற்பாள். ஒரு நாள் பனி கொட்டியது, உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். கோப்பையை வாங்கிக் குடிக்காமலே மேஜையில் வைத்தாள்.

"வளையம் நழுவியிருக்குமாக்கா? நான் ரொம்ப வேகமா இழுத்துட்டேனா?"

"இருக்கலாம்," என்றேன். "இது யாருக்கும் நடக்கும்மா."

ஜனவரியில் அவள் தனியாக ஓரிகன் போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலம் நன்றாக இருந்தது என்று சொன்னால் தவறாக நினைப்பீர்கள். ஆனால் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குச் சவரம் செய்துவிட்டேன், செய்தித்தாள் வாசித்தேன், தட்டில் இறைச்சி எந்தப் பக்கம், உருளைக்கிழங்கு எந்தப் பக்கம் என்று சொன்னேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வரைக்கும் நடப்பான், எட்டு வயதில் நடந்த மாதிரியே. அவன் அதிகம் பேசவில்லை. நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். அவன் வேலை மேஜையில் உட்கார்ந்திருந்தான். அச்சு கையில் இருந்தது. விபத்துக்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை.

"மார்லிஸ் இதைக் கழட்டவே இல்லைல்ல, அக்கா? பிடியை மட்டும்தானே இழுத்தா?"

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நழுவின வளையம் லூஸா இருக்கணும். இது இறுகிக் கிடக்கு. திருகாணி சாவி எப்பவும் உன் ஏப்ரன் பாக்கெட்ல." கட்டை விரல் நகத்தை வளையத்தின் மேல் ஓட்டினான். அளவு மாறாமல் இருக்க வளையத்திலும் அச்சிலும் நேருக்கு நேராக அரத்தால் கோடு போட்டு வைத்திருந்தேன். அவை விலகியிருந்தன. "எத்தனை மாசமா, அக்கா?"

"மே மாசத்திலேர்ந்து," என்றேன். அவனிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

அவன் கத்தவில்லை. அச்சை மேஜையில் மெதுவாக வைத்தான். "மார்லிஸுக்கு போன் போட்டுக் குடு," என்றான்.

நான் தவறான எண்ணைச் சுழற்றினேன். யாரும் எடுக்கவில்லை என்றேன். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். நான்காம் நாள் தபால்காரரின் ஜீப் சத்தம் கேட்டு, சுவரைத் தடவிக்கொண்டு அவனாகவே வாசலுக்குப் போனான். பனியில் இரண்டு முறை விழுந்தான். "ஒரு நம்பர் போட்டுத் தருவீங்களா?" என்று அவரிடம் கேட்டான். அவன் அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன். கண் இல்லாவிட்டாலும் அழ முடிகிறது.

இரண்டு நாள் வண்டி ஓட்டி மார்லிஸ் வந்தாள். என்னைத் தாண்டி நேரே அவனிடம் போனாள். அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தான் நானே தைத்தது, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதை எப்படிப் போடுவது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் போட்டுவிட்டாள்.

கதவருகே அவன் நின்றான். "நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல. நீ ஜெயிலுக்குப் போறதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல. ஆனா இனிமே எனக்கு அக்கா இல்ல." போய்விட்டான். பதினொரு மாதம் ஆகிறது. கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வருகின்றன.

ஆகவே நானே சொல்கிறேன். ஆர்லினின் கண்களைப் பறித்தது விபத்து அல்ல. தெரிந்தே செய்தேன், ஐந்து மாதம் தினமும் தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். யாரும் கேட்காதபோது எதற்காக வந்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். குற்ற உணர்ச்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் முறையாக இருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். வழக்கு என்றால் அவனைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள், இல்லையா? ஓரிகனிலிருந்து வரச் சொல்லி நீதிமன்றமே கடிதம் அனுப்பும். அதை அவன் பிரிக்காமல் திருப்ப முடியாது. முன்வரிசையில் உட்காரவையுங்கள், ஷெரிஃப், பெரிய மனசு பண்ணி. என்னைப் பார்க்க முடியாவிட்டாலும், என் குரல் கேட்டால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான்.