கடைசிச் சோழனையும் மேடையேற்றுங்கள்

அவைக்குத் தலைமை தாங்கி, நான் எல்லை மீறினால் அடிப்பதற்குக் கைமணியோடு அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய இராசரத்தினம் அவர்களே, முன்வரிசைக்குத் தம் முதுமையால் முடிசூட்டியிருக்கும் ஞானாம்பிகை அம்மா அவர்களே, இந்தப் பலெர்மோ நகரின் பொலிதேயாமாப் பகுதி மாடிவீடுகளை வாரமெல்லாம் மின்னவைத்துவிட்டு இன்று தாமே மின்னிக்கொண்டு வந்திருக்கும் தாய்மாரே, பிரான்காச்சோவிலிருந்து பேருந்தில் நெரிபட்டு வந்தும் சால்வையின் மடிப்புக் கலையாத பெரியோரே, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும், தமிழ்நாடு தந்த தம்பி ரெங்கராஜன் அவர்களே, திரைக்குப் பின்னால் மீசை ஒட்டிக்கொண்டிருக்கும் சோழப் படைவீரர்களே, உங்கள் அனைவருக்கும் போர்கோ வெக்கியோச் சந்தையில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

‘சோழப் பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும்.’ அழைப்பிதழில் என் தலைப்பு அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் வாசலில் நம் சங்கத்தின் செயற்குழுவினர் என்னை மறித்தார்கள். “அண்ணை, எழுச்சியை மட்டும் கதையுங்கோ. வீழ்ச்சியை விடுங்கோ, சனம் சோர்ந்துபோம்” என்றார்கள். நான் வியாபாரி. தக்காளிப் பெட்டியில் மேல்வரிசையை மட்டும் காட்டி விற்பவன் இன்றைக்கு விற்பான். நாளைக்கு அவன் வாடிக்கையாளர் அடுத்த கடையில் நிற்பார். ஆகவே பெட்டியை முழுதாகக் கவிழ்க்கப் போகிறேன்.

முதலில் மேல்வரிசை. காவிரிக் கரையில் சிற்றரசாய்ச் சிறுத்துக் கிடந்த குலம் ஒன்று தஞ்சையைக் கைப்பற்றித் தலைநிமிர்ந்தது. இராசராசன் எழுந்தான், கல்லை மலையாக்கினான், மலையைக் கோயிலாக்கினான். இராசேந்திரன் எழுந்தான், கங்கைக்குப் படை நடத்தினான், கடலுக்குக் கலம் செலுத்தினான், கடல் கடந்து கடாரம் கொண்டான். எந்த அலை எம்மை மறித்தது? எந்தக் காற்று எம் பாயை மறுத்தது? வாள் போன வழியில் வணிகரும் போனார்கள். சில இடங்களில் வணிகர் முன்னே போக, வாள் பின்னே வந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் சுமாத்திராவில் தமிழில் கல்வெட்டு நாட்டினார்கள். என் தொழில்காரர் என்பதால் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பெருமைப்படுகிறேன், பொறுத்தருளுங்கள்.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். தலைவர்கூட மணியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுகிறார்.

இனி அடிவரிசை. சோழன் ஒருவன் மதுரைக்குள் புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். பின்னால் பலம் பெற்ற பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். தமிழன் மண்டபத்தைத் தமிழன் இடித்தான், தமிழன் ஊரைத் தமிழன் எரித்தான். வேறு பகைவன் எதற்கு? கீழிருந்த சிற்றரசனே சோழ மன்னனைப் பிடித்துச் சிறையில் வைத்தான். மீட்பதற்கு அயல்நாட்டுப் போசளர் படை வந்தது. மீட்டது உண்மை. ஆனால் உதவிக்கு வந்தவர்கள் திருவரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஊர் அமைத்துத் தங்கிவிட்டார்கள். விருந்தாளியின் இடுப்பில் வீட்டுத் திறப்பு தொங்கினால் அந்த வீடு யாருடையது?

பின்வரிசையில் ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். உங்கள் வீட்டிலும் யாரோ ‘இரண்டு நாள்’ என்று வந்து தங்கியிருக்கிறார் போலும்.

கடைசிச் சோழன் மூன்றாம் இராசேந்திரன். ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்பதுக்குப் பிறகு அவன் பேரைக் காணோம். தம்பி ரெங்கராஜன் தலையாட்டுகிறார், ஆகவே ஆண்டு சரி. களத்தில் மாண்டானா? காட்டில் மறைந்தானா? எவருக்கும் தெரியாது.

இங்கேதான் எங்கள் சங்கடமும் தொடங்குகிறது. சற்று நேரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் நாடகத்தை எழுதியவர் சாம்பவி. வரலாறு விட்ட அந்த வெற்றிடத்தில் அவர் தம் கற்பனையால் ஒரு காட்சி வைத்தார். நாட்டை இழந்த மன்னன், முடியில்லாமல், ஓர் ஏரிக்கரையில் நடந்து வருகிறான். அவனை இன்னாரென்று அறியாத உழவன், “மதகு இறுகிப்போச்சு, ஒரு கை பிடியும்” என்று கூப்பிடுகிறான். மன்னன் கை கொடுக்கிறான். தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. அவ்வளவுதான் காட்சி.

வென்ற மன்னனாக நடிக்க அடிபிடி. தோற்ற மன்னனுக்கு ஆளே இல்லை. எமிலியானுஸ் மட்டும் முன்வந்தார். அவர் மனைவி புனிதமலர் குறுக்கே விழுந்தார். விழுந்தது என் கடையில், இருவரும் மரக்கறி வாங்க வந்தபோது, முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால். ஆகவே நான் கண்ணால் கண்ட சாட்சி.

“ஊரிலை தோத்தது காணாதோ? காணி போச்சு, வீடு போச்சு. இஞ்சை மேடையேறியும் தோக்க வேணுமோ? நான் வேலை செய்யிற வீட்டுச் சிக்னோராவையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். அவ பாக்க நீங்கள் முடியில்லாமல் நிக்கிறதோ?”

“மற்ற ராசாமாருக்கு ஒத்திகை வேணுமப்பா. எனக்கு வேண்டாம். எல்லாம் போன அடுத்தநாள் விடிய எழும்பி வேலைக்குப் போற ராசாவை எனக்கு நல்லாத் தெரியும்.”

“அந்த ராசா வீட்டிலை கோப்பை கழுவுறாரோ?”

“ஓம், கழுவுறார். இராணி ஏவினால் கழுவத்தானே வேணும்.”

நான் சிரித்துவிட்டேன். புனிதமலர் சிரிக்கவில்லை. எடுத்த முருங்கைக்காயைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். செய்தி செயற்குழுவுக்குப் போயிற்று. வீட்டுக்குள் சண்டை வேண்டாம் என்று காட்சியையே வெட்டிவிட்டார்கள். நாடகம் கடார வெற்றியோடு முடியுமாம்.

அன்புக்குரியவர்களே, நாம் எந்த ஊரில் நின்றுகொண்டு இப்படி முடிவெடுக்கிறோம்? பினீசியர் வந்தார்கள், போனார்கள். உரோமர் வந்தார்கள், போனார்கள். அராபியர் ஆண்டார்கள், நோர்மானியர் வென்றார்கள். வென்ற மன்னன் தன் அரண்மனைத் தேவாலயத்துக்குக் கூரை செய்ய யாரைக் கூப்பிட்டான்? இசுலாமியக் கைவினைஞரைக் கூப்பிட்டான். கூரையில் இன்றைக்கும் அரபு எழுத்து இருக்கிறது. உலகமே நுழைவுச்சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறது. தோற்பது வெட்கம் என்றால் பலெர்மோவில் ஒரு குடும்பமும் வீதியில் தலைகாட்ட முடியாது.

சோழன் தோற்றான். அவன் குலம் வெட்டிய ஏரி தோற்றதா? வீராணம் ஏரியிலிருந்து குழாய் போட்டு, இப்போது சில ஆண்டுகளாகச் சென்னைப் பட்டணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். அரியணை விழுந்தது, ஏரி விழவில்லை. கோட்டை விழுந்தது, கோபுரம் விழவில்லை. முடி விழுந்தது, மொழி விழவில்லை. விழுந்திருந்தால் மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கும் இந்தத் தீவில், நான் எந்த மொழியில் உங்களிடம் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருப்பேன்?

வென்ற நாளில் நிமிர்ந்து நிற்பது பெரிய காரியமா? காற்றடித்தால் கொடித்துணியும் நிமிரும். எல்லாம் இழந்த மறுநாள் எழுந்து, முகம் கழுவி, முன்பின் அறியாதவனின் மதகுக்குக் கை கொடுக்கிறானே, அவனிடம் இருக்கிறது அரச குணம். அந்தக் குணத்தோடுதான் நீங்கள் எல்லோரும் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினீர்கள். அதை ஏன் திரைக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும்?

தலைவர் அவர்களே, வெட்டிய காட்சியைத் திருப்பித் தாருங்கள்.

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. புனிதமலர் இருக்கும் நாலாவது வரிசையைப் பார்க்கிறார். நியாயந்தான். எமிலியானுஸ் திரைக்குப் பின்னால், வெட்டிய காட்சியின் வேடத்திலேயே, வெறும் வேட்டியோடு நிற்கிறார். சபை முழுவதும் கூப்பிட்டாலும் மனைவி சொல்லாமல் அவர் வரப்போவதில்லை. புனிதமலர் தங்கச்சி, பக்கத்தில் சிக்னோரா என்ன சங்கதி என்று உங்களைக் கேட்கிறார். சொல்லுங்கள். ‘நாட்டை இழந்த ஒருவர் வரப்போகிறார், அவர் என் கணவர்’ என்று தலையை நிமிர்த்திச் சொல்லுங்கள்.

என்ன, தங்கச்சி? கொஞ்சம் உரத்து. எல்லோருக்கும் கேட்கட்டும்.

“நீங்கள் இறங்கினால்தானே அண்ணை அவர் ஏறலாம். மனுசன் அங்கை குளிருக்கை நிக்குது.”

கேட்டீர்களா? தலைவர் தலையசைத்துவிட்டார். சாம்பவி திரைக்குப் பின்னால் ஓடுகிறார். இதற்கு மேல் நான் இந்த மேடையில் நிற்பது நாகரிகமல்ல. செவி கொடுத்த சபைக்கும், பொறுமை காத்த தலைமைக்கும், உத்தரவு தந்த புனிதமலருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கடாரம் வென்றவன் வரும்போது கைதட்டுங்கள். கடைசியாக முடியில்லாமல் ஒருவர் வருவார். அவர் வரும்போது எழுந்து நில்லுங்கள். வணக்கம்.