மான் தலையும் மூணு கவரும்

...கவருங்க, கவரு! காட்டுக்குள்ள கூடவே வந்து, முள்ளுல கிழிச்சிக்கிட்டு, தடம் பாத்து மானக் காட்டுனவனுக்குக் கடேசியில ஒரு கவர நீட்டறதாம். அதுவும் கைகுலுக்கற சாக்குல, யாரும் பாக்காத மாதிரி! லஞ்சமா குடுக்கறோம்? ...இப்பிடித் தள்ளி உக்காருங்க, வெயிலு உங்க மேலயே அடிக்குது.

எங்கயா? அமெரிக்காவுலங்க! நான் காரிமங்கலம், குப்புராஜ். எம் பையன் இளம்பரிதிக்கு அங்க கம்ப்யூட்டர் வேல. போன வருசம் கார்த்திகையில கூட்டிட்டுப் போனான். அவன் மொதலாளி எங்கள வேட்டைக்குக் கூப்புட்டாரு. இங்க ஒரு மொசலத் தொட்டாலே ஃபாரஸ்ட்காரங்க தூக்கிட்டுப் போயிருவாங்க. அங்க காசு கட்டுனாப் போதும்... கைடு, சமையக்காரரு, தோலு உரிக்க ஒரு ஆளு, மெத்த போட்ட ரூமு! வேட்டையா, கல்யாண மண்டபமான்னு எனக்கே சந்தேகம்.

மொதலாளி ஒரு மானச் சுட்டாரு. கொம்பு இருக்குதே, எங்க வூட்டு முருங்க மரம் மாதிரி கெளகெளயா... எடுத்தாச்சு கண்டக்டரே, டிக்கெட் எடுத்தாச்சு! ...எங்க வுட்டேன்? ஆங், கவரு.

எம் பையன் டிப்ஸ் காசு போட்ட மூணு கவர எங்கிட்டக் குடுத்து, ‘நாங்க குளிச்சிட்டு வரோம்ப்பா, ஆளுக்கு ஒண்ணு குடுத்துருங்க, அதான் இங்க மொற’ன்னான். மொறையாம் மொற! எனக்கா மொற தெரியாது? எங்கூருக் கோயில்ல கெடா வெட்டுனா நாந்தாங்க கூறு போடுவேன். வெட்டுனவனுக்குத் தல, உரிச்சவனுக்குத் தொட, அடுப்பு மூட்டுனவனுக்கு ஈரலு. ஒருத்தன் மூஞ்சி சுருங்காது. கூட வந்தவன் கையில காசத் திணிச்சா நம்மள என்னன்னு நெனப்பான்? நீங்களே சொல்லுங்க!

கவர டவுசர்ல வெச்சிக்கிட்டேன். மானக் கூறு போட்டுட்டேன். பாஷதான் வராது. மொதலாளி ரூமக் காட்டுனேன், கும்புட்டேன், எடுத்துக்கங்கன்னு கையக் காட்டுனேன். அவரே குடுக்கச் சொல்லிட்டாருன்னு நெனச்சிக்கிட்டாங்க. கைடுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க! மானக் காட்டுனதே அவன், தல அவனுக்குத்தான? முழுசாக் குடுத்தா கொழம்பு எப்பிடி வெப்பான்னு நானே கொம்ப வெட்டி எறிஞ்சிட்டு, கோடாலியில ரெண்டாப் பொளந்து குடுத்தேன்.

மொதலாளி துண்டால தலையத் தொவட்டிக்கிட்டே வந்தாரு. ‘மான் தல எங்க?’ங்கறாரு. செவுத்துல மாட்டறதுக்காமுங்க! அந்த மாதிரி ஒரு கொம்புக்குப் பல வருசமா தவங் கெடந்தாராம். செவுத்துல மாட்ட ஒரு காலண்டர் போதாதா? நான் பையங்கிட்ட மூணு கவரயும் நீட்டி, ‘மிச்சம் பண்ணிட்டேன்டா’ன்னேன். அவன் வாங்கவே இல்ல.

அங்கயே தங்கறதுக்கு ஒரு கார்டு வேணுமாம், அதுக்கு அந்தாளுதான் கையெழுத்துப் போடணுமாம். போடல. வேலையும் போச்சு. எங்கயோ வேற ஊருக்கு வேல தேடிப் போயிட்டானாம். ‘எல்லாம் உங்களாலதான்’னு சொன்னவன்தான்... தீவாளிக்குக்கூடப் பேசல.

...போனு! இருங்க, எந்திரிக்காதீங்க, தருமபுரி இன்னும் வரல. ஞாயித்துக்கெழம காலையிலன்னா அமெரிக்காவுல இருந்து வந்துரும்... பையனா? அவன் எங்கங்க! அந்தக் கைடு. அன்னிக்கே எந் நம்பர வாங்கிக்கிட்டான். அவன் பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவனுக்குப் புரியாது. ஆனா வாரம் தவறாமக் கூப்புடறான். மொற தெரிஞ்சவன்!

அலோ! ஆமாப்பா, குப்புதான்... நல்லாருக்கியா? சாப்ட்டியா? ...ஏப்பா, அங்க எங்கயாச்சும் எம் பையனப் பாத்தியா?