நடுத்தரக் காரம்

எங்கள் வீட்டில் என் மூக்கைப் பற்றி யாரும் பேசியதில்லை. அப்படியொரு விதியை எவரும் போடவில்லை; நானும் என் மனைவி பிரேமாவதியும் மூன்றாண்டுகள் அதைக் காத்தோம்.

கொரோனாக் காய்ச்சலில் எனக்கு மணமும் சுவையும் போயின, திரும்பவேயில்லை. அலோர் ஸ்டார் நகரத்து அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இது பெரிய இழப்பல்ல. ஆனால் சுங்கை பட்டாணியில் பரஞ்சோதி அண்ணன் நடத்தும் சுருட்டுக் கடையில் நான் வேறொருவன். உயர்ரகச் சுருட்டுகளை வீட்டிலிருந்தபடி சுவைத்து மதிப்புரை எழுதிக் கொடுப்பேன். அதை வாசித்த பிறகே பலரும் வாங்குவார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

அந்த மூன்றாண்டுகளும் புகையை இழுத்தவள் பிரேமாவதி. அதற்குமுன் அவள் புகைத்ததில்லை. “நடுத்தரக் காரம்தான், உனக்கு ஒன்னும் செய்யாது” என்றேன். அதற்கு மேற்பட்ட காரமுள்ள சுருட்டை அவளிடம் கொடுத்ததுமில்லை. பற்றவைக்குமுன் வெறுமனே இழுத்துப் பார்க்கவும், புகையை வாயில் நிறுத்திச் சிறிதளவை மூக்கு வழியே விடவும், முதல் பகுதி, நடுப்பகுதி, கடைசிப் பகுதி எனப் பிரித்துச் சொல்லவும் கற்றுக்கொடுத்தேன். திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். “ரப்பர் ஷீட் காயப்போட்ட புகை மாதிரி இருக்கு லா” என்பாள். நான் அதை ‘மரப்புகையின் ஆழம்’ என்று எழுதுவேன்.

“நான் இழுக்குறேன், நீங்க பேரு வாங்குறீங்க. பூசாரி பொழப்பு லா உங்களுக்கு” என்று சிரிப்பாள். சிரிப்பு இருமலில் முடியும். இருமினால் நடுப்பகுதியின் சுவை கலைந்துவிடும். அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி இழுக்கச் சொல்வேன். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

கூலிமில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை உண்டு. ஆகஸ்டில் அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. நுரையீரலில் நிழல் தெரிகிறது, இரண்டு வாரத்துக்குள் மருத்துவமனைக்கு வரவும் என்றிருந்தது. ஆண்டின் சிறந்த சுருட்டைத் தேர்ந்தெடுக்க இன்னும் பதினொன்றைச் சுவைக்க வேண்டியிருந்தது. கடிதத்தைத் தேவதாருப் பெட்டியில், சுருட்டுகளுக்கு அடியில் வைத்தேன். ஒளிக்கவில்லை, அங்கே ஈரப்பதம் சீராக இருக்கும், காகிதம் கெடாது.

டிசம்பரில் பதினொன்றும் முடிந்தன. ஒரு சனிக்கிழமை காலையில், “வியாழக்கெழமதான் வந்துச்சு” என்று கொடுத்தேன். அதில் ஆகஸ்ட் தேதி இருந்ததற்குத் தபாலைக் குறை சொன்னேன். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் கட்டியை அறுத்து எடுத்திருக்கலாம் என்று மருத்துவர் பின்னர் சொன்னார். பங்குனியில் அவள் போய்விட்டாள்.

அவள் சொன்ன மதிப்பீடுகள் எல்லாம் நேர்மையானவை, வாங்கியவர்கள் ஏமாறவில்லை. நாக்கு என்னுடையதல்ல என்பது மட்டுமே என் குற்றம். சில மாலைகளில் அவளுடைய சேலையை முகத்தோடு வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் வருவதில்லை. அது என்ன மணம் என்று சொல்ல இப்போது வீட்டில் ஆளில்லை.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். கடிதத்தைக் கொடுத்தபோது அவள் படித்தாள், சற்று நேரம் முகத்தருகே வைத்திருந்தாள், கைப்பையில் மடித்து வைத்தாள். மாலையில் ஆண்டின் சிறந்த சுருட்டை அறிவிக்கக் கடைக்குப் போனபோது தானும் வந்தாள். வாடிக்கையாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேச எழுந்ததும் கைப்பையைத் திறந்து, கடிதத்தை என் மூக்கருகே நீட்டினாள்.

“மொதல்ல இத சொல்லுங்க.”

“காகிதம்தானே. இதுல என்ன இருக்கு” என்றேன்.

அவள் கடிதத்தைப் பரஞ்சோதி அண்ணனிடம் கொடுத்தாள். அவர் முகர்ந்து பார்த்தார்.

“தேவதாரு. பழுத்த புகையில. பொட்டிக்குள்ள ரொம்ப நாள் கெடந்திருக்கும்மா.”

“நாலு மாசம்ணே” என்றாள் பிரேமாவதி. பிறகு எல்லோரையும் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “இவருக்கு மூக்கு செத்து மூணு வருசமாச்சு.”