உருண்டையின் முன்பற்கள்

எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் எங்கள் குரலுக்குக் காதுகொடுக்கும், நம் தையல் ஆலையின் மேலாளரும் இந்தக் கூட்டத்தின் தலைவருமானவரே! வெட்டும் மேசையிலும் இஸ்திரி மேசையிலும் நின்றே தலைநரைத்த பெரியவர்களே! ஊசியில் நூலையும் உள்ளத்தில் பிள்ளையையும் கோத்து வைத்துக்கொண்டு நாள் முழுதும் குனிந்திருக்கும் தாய்மார்களே! அவர்களுக்கு உறுதுணையாக இருப்பதாக வெளியே சொல்லிக்கொள்ளும் தகப்பன்மார்களே! பல் முளைத்த, பல் முளைக்கப்போகிற, முளைத்த பல்லைக்கொண்டு இந்த நொடியில் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிற செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

அம்மா, அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள். செருப்பு ஊரெல்லாம் மிதித்துவிட்டு வந்திருக்கிறது.

குழந்தையின் பல்லையும் ஈறையும் பேணிக் காப்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். "பல் டாக்டர் யாரும் கிடைக்கலையா, வேன் டிரைவர்தான் கிடைச்சாரா?" என்று மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி கேட்பது என் காதில் விழுகிறது. கேள் தம்பி, நன்றாகக் கேள்! எனக்கு கியர் தெரியும், பிரேக் தெரியும், பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவன் நான். அங்கே நடந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அதனால்தான் இந்த ஒலிபெருக்கி என் கைக்கு வந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டம் முடியும்போது தலைவர் ஒரு முடிவு சொல்லப்போகிறார். நம் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அமைதியக்கா வேலையில் இருப்பாரா, வீட்டுக்கு அனுப்பப்படுவாரா என்ற முடிவு. அன்றிலிருந்து அவரை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதோ, கடைசி வரிசையில் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் பேசப்போவது பல்லைப் பற்றி. ஆனால் அவரை விட்டுவிட்டு அந்தப் பல்லைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

அமைதியக்கா என்ற பெயர் எப்படி வந்தது? புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காப்பகத்துச் சுவரில் ஒரு மணி இருக்கிறது. பிள்ளை அழுது அடங்காவிட்டால் அந்த மணியை அடிக்க வேண்டும். அடித்தால் பெற்றவள் எந்திரத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். காலர் தைப்பவள் எழுந்து போனால் கை தைப்பவளுக்குத் துணி வராது. கை தைப்பவளுக்குத் துணி வராவிட்டால் பட்டன் வைப்பவள் சும்மா உட்காருவாள். வரிசை மொத்தமும் நிற்கும், அத்தனை கண்ணும் அந்த ஒருத்தியின் முதுகில் குத்தும். மேற்பார்வையாளர் திட்டவே மாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அது போதாதா ஒருத்தியை அழவைக்க?

அதனால் காலையில் பிள்ளையை விடும்போது நம் தாய்மார்கள் என்ன சொன்னார்கள்? "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மணி மட்டும் அடிச்சுடாதீங்க!" ஒருத்தி சொன்னாளா? ஒவ்வொருத்தியும் சொன்னாள்! அக்காவும் அடிக்கவில்லை. பிள்ளை சிணுங்கினால் சர்க்கரை கரைத்த பால்புட்டி. புட்டி காலியானால் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்த ரப்பர் நிப்பிள். வாயில் இனிப்போடு பிள்ளை தூங்கியது, வரிசை ஓடியது, நாம் மகிழ்ந்து அவருக்கு அமைதியக்கா என்று பேர் வைத்தோம். போன ஆண்டு இதே மேடையில் அக்காவுக்குக் கேடயம் கொடுத்தோமே, எதற்கு? பிள்ளைகள் அழவில்லை என்பதற்கு! என்ன, கைதட்டல் வரவில்லையே? அன்றைக்கு இடி இடித்ததுபோலத் தட்டினீர்களே!

இஸ்திரிப் பிரிவில் வேலை செய்யும் தங்கச்சியின் மகளை உங்களுக்குத் தெரியும். ஒன்றரை வயது. குண்டுக் கன்னத்துக்காக எல்லோரும் உருண்டை என்று கூப்பிடுவோம். அன்று காலை வேனில் ஏறியபோது ஒரு கன்னம் கூடுதலாகவே உப்பியிருந்தது. "பாருங்கடி, உருண்டைக்கு இன்னும் சதை போட்டுடுச்சு!" என்று ஒருத்தி கிள்ளினாள். பிள்ளை வீறிட்டது. வேனே சிரித்தது. வீக்கத்தைச் செழிப்பு என்று நினைத்துக் கொஞ்சிய கூட்டம் ஐயா நாம்!

மதியத்துக்குள் அந்தக் கன்னம் சிவந்தது. சிவந்தது கொதித்தது. கொதித்தது கண்வரைக்கும் ஏறியது. இமை பாதி மூடிக்கொண்டது. அக்கா பார்த்தார், ஓடிப்போய் மணியை அடித்தார். எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தத் தங்கச்சி இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

தாயையும் பிள்ளையையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு நான் வண்டியைக் கிளப்பினேன். பெரிய சாலையில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. பின்னாலிருந்து தாயின் ஒரே குரல்: "அண்ணே, கண்ணைத் திறக்க மாட்டேங்கறா அண்ணே! சீக்கிரம் போங்கண்ணே!" சீக்கிரம் போக எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி, சந்தில் நுழைந்து, எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மா ஒரு விரலால் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய முன்பற்கள் கருத்துக் கரைந்து கட்டைகட்டையாக நின்றன. ஈறில் சீழ்க்கட்டி. அந்த உதட்டுக்குக் கீழே இத்தனை நாளாக இது இருந்திருக்கிறது. ஒருத்தராவது தூக்கிப் பார்த்தோமா?

"பல்லுல கிளம்பின சீழ் கண்ணுக்குப் பக்கத்துல வந்துடுச்சும்மா. இதை இன்னும் மேல ஏற விடக்கூடாது. மயக்கமருந்து குடுத்து இந்தப் பல்லை எடுத்தாகணும்," என்றார் டாக்டரம்மா. "ராத்திரி என்ன குடுக்கறீங்க?"

"பால்புட்டிதான் டாக்டர். வாயில வெச்சாத்தான் தூங்குவா."

வீட்டில் இரவெல்லாம் புட்டி, காப்பகத்தில் பகலெல்லாம் புட்டி! தாய் கொடுப்பது அக்காவுக்குத் தெரியாது, அக்கா கொடுப்பது தாய்க்குத் தெரியாது. அந்தச் சின்னஞ்சிறு பற்களுக்கு ஓய்வு ஏது? ஒழிவு ஏது?

இனி வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். தாயிடம் சொன்னார். அக்கா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பியதும் தாய் பிள்ளையை அவர் மடியில் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட உள்ளே போனாள். நான் வாசலை அடைத்து நின்ற வண்டியை நகர்த்தப் போனேன். அப்புறம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: தாழ்வாரத்தில் பிள்ளை கதறியது. அக்கா எத்தனை வருடமாகக் கதறலை அடக்கிப் பழகியவர்? அவர் கை பைக்குள் போனது. புட்டி வெளியே வந்தது. பிள்ளை குடித்தது. தாழ்வாரம் அமைதியானது.

நான் திரும்பி வந்தபோது தள்ளுவண்டி அறுவை அறை வாசலில் நின்றது. மயக்கமருந்து டாக்டர் கடைசியாக ஒருமுறை கேட்டார்: "வாய்க்கு எதுவும் குடுக்கலையே? வயித்துல பால் இருந்தா மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து."

"எதுவும் குடுக்கலை டாக்டர்," என்றாள் தாய்.

கதவு திறந்தது. சக்கரம் உருண்டது. நான் தற்செயலாக அக்காவைப் பார்த்தேன். தாய்மார்களே, அந்த முகத்தில் ஒரு பொட்டு இரத்தம் இல்லை! அந்த நொடியில் அவர் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும்? சொன்னால் வேலை போகும். சொன்னால் பேர் போகும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒன்றும் ஆகாமலும் போகலாமே? சக்கரம் உருள்கிறது. பாதி வண்டி உள்ளே போய்விட்டது. வாய் திறக்குமா? திறக்காதா?

"நிறுத்துங்க! நான் பால் குடுத்துட்டேன்! நிறுத்துங்க!"

அமைதியக்கா போட்ட கூச்சல் ஐயா அது! மருத்துவமனையே திரும்பிப் பார்த்தது.

தாய் பாய்ந்துவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உங்களை நம்பித்தானேக்கா விட்டுட்டுப் போனேன்! ஏன்க்கா? ஏன்க்கா?"

"அழுதாம்மா," என்றார் அக்கா. "கை தானாப் போயிடுச்சு."

தானாகப் போன கைதான் அது. ஆனால் அந்தக் கையைப் பழக்கியது யார்? மணி அடிக்காதே என்று கெஞ்சியது யார்? கடிகாரம் பார்த்தது யார்? கேடயம் கொடுத்தது யார்? ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? தரையில் ஒன்றும் எழுதவில்லை. என்னைப் பாருங்கள்!

வயிறு காலியாகும்வரை அறுவையைத் தள்ளிவைத்தார்கள். நரம்பில் மருந்து ஏறியது. டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்து, பிள்ளையின் முகத்தில் சிவப்பு முடிகிற இடத்தில் கோடு போட்டார். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க," என்றார். சாலைக் கோடுகளைப் பார்த்தே வயதானவன் நான். அப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை. தாய் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நான் கால்மாட்டில். அந்தச் சிவப்பு பேனாக் கோட்டை நெருங்கியது. நெருங்கி, தொட்டது. தொட்டு, நின்றது. நாங்கள் மூச்சை விட்டால் தாண்டிவிடுமோ என்று பயந்து நின்றோம்.

நடுவில் வந்து பார்த்த டாக்டரம்மாவிடம் தாய் கேட்டாள்: "பால்பல்லுதானே டாக்டர், எப்படியும் விழுந்து முளைக்கும்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "விழறது வேற, அழுகறது வேறம்மா. கடிக்க அது வேணும், பேச அது வேணும், அடுத்த பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கவும் அது வேணும். பல்லே முளைக்கலைன்னாலும் பால் குடிச்சதும் சுத்தமான ஈரத்துணியால ஈறைத் துடைங்க. முதல் பல்லு எட்டிப் பார்த்த அன்னிக்கே சின்ன பிரஷ் வாங்குங்க. பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். காலையில ஒரு தடவை, தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேய்ங்க. தேய்ச்சப்புறம் தண்ணியைத் தவிர எதுவும் வேண்டாம். புட்டியோட தூங்க வைக்காதீங்க. நிப்பிள்ல சர்க்கரை தொடவே கூடாது. அடிக்கடி உதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறு ஓரத்துல வெள்ளையாக் கோடு தெரிஞ்சாலே கூட்டிட்டு வாங்க. ஒண்ணுமே தெரியலைன்னாலும் ஒரு வயசுக்குள்ள ஒரு தடவை காட்டுங்க."

இதில் எது முடியாதது? ஈரத்துணி நமக்குக் கிடைக்காதா? நாள் முழுக்கத் துணியோடு பிழைக்கிறவர்கள் நாம்!

இருட்டிய பிறகு பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நெடுநேரம் கழித்து கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அழுகை கேட்டது. கரகரத்த, கோபமான, உயிருள்ள அழுகை! தாயும் அக்காவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆண்பிள்ளை என்றால் கண்ணில் தூசி விழக்கூடாதா?

உருண்டை பிழைத்தாள். கண்ணும் பிழைத்தது. முன்பற்கள் போயின. புதுப் பற்கள் வரப் பல வருடம் ஆகும். இதோ முதல் வரிசையில், அம்மா மடியில், மேலே பொக்கையாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரசிக்க எனக்கு மனம் வரவில்லை.

தலைவர் அவர்களே! அக்கா செய்தது தவறு. நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இன்று உயிரோடு இருப்பது எதனால்? தன் சோறு போனாலும் பரவாயில்லை என்று ஒருத்தி வாய் திறந்ததால்! உண்மை சொன்னவரை வெளியே அனுப்பினால், நாளை அவர் இடத்தில் வருகிறவர் என்ன கற்றுக்கொள்வார்? வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்வார். அப்படி மூடிய வாய்க்குப் பக்கத்தில் எந்தத் தாய் தன் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வருவாள்? நீங்கள் சொல்லுங்கள் தாய்மார்களே, விடுவீர்களா? கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள்! விடுவீர்களா?

கேட்டுக்கொண்டீர்களா ஐயா? நாங்கள் கேட்பது இரண்டே. அக்கா திரும்பி வர வேண்டும். மணி ஒலித்தால் தாய் எழுந்து போக வேண்டும், அவள் வரும்வரை அந்த எந்திரத்தில் உட்கார மாற்று ஆள் வேண்டும், யாரும் கடிகாரம் பார்க்கக் கூடாது.

தலைவர் தலையசைக்கிறார். கைதட்டாதீர்கள், பொறுங்கள்! ஐயா, மன்னிக்க வேண்டும். தலையசைப்பது ஒலிபெருக்கியில் கேட்காது. கடைசி வரிசையில் ஒருவர் காத்திருக்கிறார். வாய் திறந்து சொல்லுங்கள். இதோ, பிடியுங்கள்.

சொல்லிவிட்டார்! இரண்டுக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டார்! இப்போது தட்டுங்கள்!

தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், தரையைப் பார்த்துவிட்டுப் பிறகு என்னையும் பார்த்த உங்கள் அனைவருக்கும் நன்றி. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள், அது போதும் எனக்கு. அக்கா, எழுந்திருங்கள், அழுதது போதும். நாளைக் காலை வண்டி உங்கள் தெருமுனைக்கு வரும். எல்லோருக்கும் வணக்கம்.